"ரெஸ்பைட்னா என்னடி அர்த்தம்?" - ஓர் அம்மாவும் ஓர் ஆங்கிலச் சொல்லும்

மளிகைக் கடை பில்லின் பின்பக்கத்தில் நீல பேனாவால் எழுதியிருந்தது: 'ரெஸ்பைட் கேர் - கேட்டுப் பாருங்கள்.' அதன் கீழே ஒரு போன் நம்பர்.

சிறப்புப் பள்ளி டீச்சர் எழுதிக் கொடுத்த அந்தச் சீட்டை அவர் மூன்று நாள் அரிசி டப்பாவுக்கு மேலேயே வைத்திருந்தார். நான்காம் நாள் வீட்டுக்கு வந்த அக்கா மகளிடம் எடுத்து நீட்டினார்.

"இந்த ரெஸ்பைட்னா என்னடி அர்த்தம்?"

அக்கா மகள் டி.என்.பி.எஸ்.சி குரூப் 2 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவள். பதில் பட்டென்று வந்தது. "இது பாலிட்டி புக்ல வருது சித்தி. ஆர்ட்டிகிள் 72. ஜனாதிபதியோட மன்னிப்பு அதிகாரம். தண்டனைக் கைதிங்களுக்குக் கொடுக்கறது."

"அப்ப நான் என்ன கைதியாடி?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால், அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் இரண்டு பேருமே பேசவில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர் அவருடையது. பெயர் வேண்டாம் என்கிறார். வயது 51. மூத்தவள் திருப்பூரில் கல்யாணமாகி இருக்கிறாள். இளையவனுக்கு 24 வயது. பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம். டாக்டர்கள் செரிப்ரல் பால்சி என்பார்கள். நடக்க முடியாது. கைகள் அவன் சொன்னபடி கேட்காது. பேச்சு குழறும். ஆனால், என்ன நடக்கிறது என்பது எல்லாம் தெரியும். யார் வீட்டுக்கு வந்தார்கள், யார் வராமல் போனார்கள் என்பதுகூடத் தெரியும். கிரிக்கெட் என்றால் உயிர். 42 கிலோ எடை.

அந்த 42 கிலோவைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, அங்கிருந்து பாத்ரூமுக்கு, மறுபடி நாற்காலிக்கு, மறுபடி கட்டிலுக்கு என்று ஒரு நாளைக்கு எட்டு முறையாவது அவர் தூக்க வேண்டும். கணவர் ரைஸ் மில்லில் வேலை பார்க்கிறார். காலை ஏழு மணிக்குப் போனால் ராத்திரி ஒன்பதுக்குத்தான் வருவார். மாமியாருக்கு 78 வயது. தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வதே பெரிது.

போன வருடம் அவருக்கு அடிவயிற்றில் ஒரு பக்கம் எலுமிச்சை அளவுக்குப் புடைத்துக்கொண்டு வந்தது. குடலிறக்கம் என்றார்கள். ஆபரேஷன்தான் வழி. அதைவிடப் பெரிய விஷயத்தை டாக்டர் கடைசியில் சாதாரணமாகச் சொன்னார். "ஆறு வாரத்துக்குக் கனமா எதையும் தூக்கக் கூடாதும்மா. ஒரு குடம் தண்ணிகூட."

"42 கிலோ இருக்குமே டாக்டர், அதையும் தூக்கக் கூடாதா?"

டாக்டர் அரிசி மூட்டை என்று நினைத்துக்கொண்டார். "அதெல்லாம் இறக்கி வைக்கக் கடைப் பையன் இல்லையா?" என்றார்.

ஆபரேஷன் இரண்டு முறை தள்ளிப்போனது. முதல் முறை, திருப்பூர் மகளுக்கு கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. இரண்டாம் முறை, மகனுக்குக் காய்ச்சல். அந்தச் சமயத்தில்தான், மகன் சின்ன வயதில் படித்த சிறப்புப் பள்ளியின் டீச்சரை பஸ் ஸ்டாண்டில் பார்த்தார். டீச்சர் கைப்பையைத் துழாவி, கிடைத்த பில்லில் அந்தச் சொல்லை எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிப்போனார்.

இந்த 'ரெஸ்பைட்' நமக்குத் தெரியாத சொல்லும் இல்லை. ஆங்கில நாளிதழ் படிக்கும் பழக்கம் இருந்தால் ஒவ்வொரு கோடையிலும் பார்த்திருப்பீர்கள். மே மாதத்தில் சென்னையில் ஒரு மழை பெய்தால் போதும், 'ரெயின் பிரிங்ஸ் ரெஸ்பைட் ஃப்ரம் ஹீட்' என்ற ரீதியில் மறுநாள் ஒரு தலைப்பு தப்பாமல் வந்துவிடும். நம் பத்திரிகைகள் அதையே 'வெயிலில் தவித்த மக்கள் நிம்மதி' என்று போடும். இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால், கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் ஒரு வித்தியாசம் உண்டு. மழை விட்ட மறுநாள் அதே வெயில் திரும்ப வரும் என்பது ஆங்கிலச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நம் 'நிம்மதி'யில் அது இல்லை.

'ரிலீஃப்' என்றால் துன்பம் குறைவது. ஒரேயடியாகத் தீர்ந்துபோனாலும் ரிலீஃப்தான். பல்வலிக்காரர் பல்லைப் பிடுங்கிவிட்டு வந்து ரிலீஃப் என்று சொல்லலாம், ரெஸ்பைட் என்று சொன்னால் பொருந்தாது. மாத்திரை போட்டு இரவு நாலு மணி நேரம் வலி அடங்கியிருந்தால் அது ரெஸ்பைட். போனது திரும்ப வரும், நடுவில் கிடைத்த அந்த இடைவெளிக்குத்தான் இந்தப் பெயர்.

இன்னும் எளிதாகப் புரிய வேண்டுமானால் 2020-ஐ நினைத்துப் பாருங்கள். கொரோனா ஊரடங்கு தொடங்கிய மார்ச் மாதத்தில், கடன் தவணைகளை மூன்று மாதம் தள்ளிவைத்துக்கொள்ள ரிசர்வ் வங்கி அனுமதித்தது. பிறகு அது ஆகஸ்ட் 31 வரை நீண்டது. 'இ.எம்.ஐ கட்ட வேண்டாமாம்' என்று பலர் சந்தோஷப்பட்டார்கள். கடனும் அப்படியே இருந்தது, அந்த மாதங்களுக்கான வட்டியும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தள்ளுபடி செய்திருந்தால் அது ரிலீஃப். தள்ளிவைத்ததால் அது ரெஸ்பைட். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை, செப்டம்பரில் வங்கியிலிருந்து மெசேஜ் வந்தபோது நிறைய குடும்பங்கள் தெரிந்துகொண்டன.

சொல்லும்போது பிரிட்டிஷ்காரர்களில் பலர் 'ரெஸ்பைட்' என்பார்கள். அமெரிக்கர்கள் 'ரெஸ்பிட்' என்பார்கள். இரண்டும் சரிதான். 'பிரீஃப் ரெஸ்பைட்' என்றால் சின்னதாக ஓர் ஆசுவாசம். 'வித்தவுட் ரெஸ்பைட்' என்றால் ஓயாமல் ஒழியாமல். 'டெம்பரரி ரெஸ்பைட்' என்று எழுதினால், ரெஸ்பைட்டே தற்காலிகமானதுதானே, எதற்கு இரண்டு முறை என்று இலக்கணக்காரர்கள் முகம் சுளிக்கலாம். ஆனாலும் எல்லோரும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அக்கா மகள் சொன்னதும் தப்பில்லை. நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 72-வது பிரிவு குடியரசுத் தலைவருக்கும், 161-வது பிரிவு ஆளுநருக்கும் தரும் அதிகாரங்களில் 'ரெஸ்பைட்' என்ற சொல் இருக்கிறது. தேர்வுப் புத்தகங்கள் அதற்குத் தனியாக ஓர் அர்த்தம் சொல்லும். உடல் ஊனம், கர்ப்பம் போன்ற ஒரு தனிக் காரணத்துக்காகத் தண்டனையைக் குறைத்துத் தருவது. மனப்பாடம் செய்பவர்களுக்கு அது ஒரு மதிப்பெண் கேள்வி. ஆனால், கர்ப்பத்தைக் காரணமாகச் சொல்வதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. இங்கிலாந்தில் மரண தண்டனை விதிக்கப்பட்ட பெண் கர்ப்பமாக இருந்தால், குழந்தை பிறக்கும்வரை தூக்கு தள்ளிவைக்கப்படும். பிறந்த பிறகு தண்டனையை நிறைவேற்றச் சட்டத்தில் தடை இல்லை. நடைமுறையில் பலருக்குத் தண்டனை குறைக்கப்பட்டது என்றாலும், இந்த 'பிறக்கும்வரை' என்ற ஏற்பாடு சட்டப்படி முடிவுக்கு வந்தது 1931-ல்தான். அந்தப் பெண்களுக்குக் கிடைத்த மாதங்களுக்கும் இதே பெயர்தான், ரெஸ்பைட்.

இத்தனை கறுப்பான ஒரு சொல், நோயாளிகளையும் மாற்றுத்திறனாளிகளையும் வீட்டில் பார்த்துக்கொள்பவர்களின் அகராதிக்குள் எப்படியோ வந்து சேர்ந்திருக்கிறது. ஒருவரை வருடக்கணக்காகக் கவனித்துக்கொள்ளும் வீட்டாருக்குச் சில மணி நேரமோ சில நாள்களோ ஓய்வு கொடுக்க, அந்தப் பொறுப்பை வேறொருவர் வாங்கிக்கொள்வதுதான் ரெஸ்பைட் கேர். வீட்டுக்கே ஒருவர் வந்து பார்த்துக்கொள்ளலாம். பகல் நேர மையத்தில் விட்டுவிட்டுச் சாயங்காலம் கூட்டிக்கொண்டு வரலாம். சில நாள் அங்கேயே தங்கவைக்கலாம்.

இது ஏதோ வெளிநாட்டுச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். 1999-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய அறக்கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு வகையினருக்கானது. அந்த அறக்கட்டளையின் திட்டங்களில் ஒன்று 'சமர்த்'. அதன் பெயரோடு ஒட்டிக்கொண்டு வந்தது இதே சொல்தான், 'ரெஸ்பைட் கேர்'. பகல் நேரப் பராமரிப்புக்கு 'விகாஸ்' என்று இன்னொரு திட்டம். ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீட்டுக்கு 'நிராமயா'. சமர்த் என்றால் இந்தியில் திறன் உள்ளவர் என்று பொருள். நம் காதுக்கு அது 'சமர்த்துப் பிள்ளை' என்று கேட்பது தற்செயல் இல்லை, இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்.

பதிவுசெய்த தொண்டு நிறுவனங்கள் மூலமாகத்தான் இந்த மையங்கள் நடக்கின்றன. எல்லா ஊரிலும் இல்லை. பெயரே தெரியாவிட்டால் இருக்கிற ஊரிலும் யாரும் கேட்டுப் போக மாட்டார்கள். அரசாங்கம் ஒரு திட்டத்துக்கு இந்தியில் பெயர் வைத்து, ஆங்கிலத்தில் விளக்கம் கொடுத்தால், புதுக்கோட்டை பக்கம் ஓர் அம்மாவுக்கு அது என்னவென்று எப்படித் தெரியும்?

டீச்சர் கொடுத்தது திருச்சியில் இருக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தின் நம்பர். அக்கா மகள்தான் பேசினாள். 15 நாள்வரை தங்கவைக்கலாம் என்றார்கள். போனை வைத்த பிறகு சித்தியின் முகத்தைப் பார்த்தால், மகிழ்ச்சிக்குப் பதில் பயம்.

"ஹோம்ல விட்டுட்டான்னு சொல்லுவாங்கடி."

இந்தப் பயத்தை லேசாக நினைக்க முடியாது. தமிழில் 'ஹோம்' என்ற சொல்லுக்கு வீடு என்ற அர்த்தம் எப்போதோ போய்விட்டது. 'அப்பாவை ஹோம்ல சேர்த்துட்டாங்க' என்றால் அதற்குப் பிறகு கதை இல்லை. அது ஒருவழிப் பாதை. அப்படி ஓர் இடத்துக்கு மகனை அனுப்புவதாகச் சொந்தக்காரர்கள் பேசுவார்கள் என்பதற்காகவே எத்தனை அம்மாக்கள் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டிருப்பார்களோ.

இன்னொரு சங்கடமும் அவருக்கு இருந்தது. அதை அவர் சொன்னது அக்கா மகளிடம் மட்டும்தான். "ரெஸ்ட்டுன்னா யாருகிட்ட இருந்துடி ரெஸ்ட்டு? அவன்கிட்ட இருந்தா?"

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால், அந்தச் சொல்லின் இலக்கணத்தில் குத்தும் இடத்தைச் சரியாகத் தொட்டுவிட்டார். ரெஸ்பைட்டுக்குப் பின்னால் 'ஃப்ரம்' வரும். ஃப்ரம் ஹீட், ஃப்ரம் பெயின், ஃப்ரம் ஒர்க். வெயிலிலிருந்து, வலியிலிருந்து, வேலையிலிருந்து. அந்த இடத்தில் ஒரு பிள்ளையின் பெயரைப் போட்டுப் பாருங்கள், நாக்கு கூசும். பிரிட்டனில் மாற்றுத்திறனாளிகள் பலர் இதைத்தான் கேட்டார்கள். நாங்கள் என்ன வெயிலா, வலியா, எங்களிடமிருந்து விடுதலை வேண்டுமா என்று. அதனால் அங்கே இப்போது 'ஷார்ட் பிரேக்' என்ற சொல் அதிகம் புழங்குகிறது. சின்ன இடைவேளை. அது இரண்டு பேருக்கும் பொதுவானது, யாரும் யாரிடமிருந்தும் தப்பிப் போகவில்லை.

இங்கிலாந்தில் மாற்றுத்திறன் குழந்தைகளின் பெற்றோருக்கு இந்த இடைவேளையைக் கொடுப்பதற்கென்று 2011-லிருந்து தனி விதிமுறைகளே இருக்கின்றன. அதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம், 'இனிமேல் முடியாது' என்று உட்கார்ந்துவிட்ட பெற்றோருக்கு மட்டும் அது என்று எழுதவில்லை. இடைவேளை கிடைத்தால் இன்னும் நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் என்றால் அவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது. நம் ஊரில் ஒருவர் படுக்கையில் விழுந்தால்தான் ஓய்வு கேட்க உரிமை வருகிறது. அதற்கு முன்னால் கேட்டால், 'பெத்தவளுக்கு என்ன சலிப்பு?' என்பார்கள்.

அந்த வீட்டில் எல்லோரும் எதிர்பார்த்தது மாமியார்தான் முட்டுக்கட்டை போடுவார் என்று. அவர் திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எத்தனை நாள், எந்த ஊர், சோறு எப்படி என்றெல்லாம் கேட்டுவிட்டு, சம்பந்தமே இல்லாமல் கல் ஒன்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

சுமைதாங்கிக் கல். நெடுஞ்சாலைகள் அகலமானதில் பல ஊர்களில் காணாமல்போய்விட்டது. இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு பலகைக் கல்லைக் குறுக்கே படுக்கவைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு நடந்துவருகிறவர், இன்னொருவர் கை கொடுக்காமலேயே சுமையை அதன்மேல் தள்ளி வைக்கலாம். மூச்சு வாங்கிவிட்டு, மறுபடி தானே தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். அதற்குத்தான் அந்த உயரம். தரையில் இறக்கிவிட்டால் தூக்கிவிட ஆள் தேட வேண்டுமே! கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகத்தான் பெரும்பாலும் இந்தக் கல்லை நடுவார்கள். வயிற்றுச் சுமையை இறக்காமலேயே போனவள், வழிப்போக்கர்களின் சுமையைத் தாங்கி அமைதி பெறட்டும் என்பது நம்பிக்கை.

மாமியார் சின்ன வயதில் விறகுக் கட்டோடு ஏழு மைல் நடந்து சந்தைக்குப் போனவர். "வழியில ரெண்டு கல்லு இருக்கும். ரெண்டுலயும் இறக்குவோம். அந்த வழியில போன யாரும் எங்களை, விறகைத் தூக்கிப் போட்டுட்டுப் போறவளுங்கன்னு சொன்னதில்லை" என்றார். அப்புறம் மருமகளைப் பார்க்காமல், "போய் ஆப்பரேசனைப் பண்ணிக்க. கேக்குறவளுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றார்.

ஒரு விஷயம் யோசிக்க வேண்டியிருக்கிறது. நாம் இப்போது 'சுமைதாங்கி' என்று யாரைச் சொல்கிறோம்? குடும்பத்தையே தூக்கிச் சுமக்கும் அக்காவை, அம்மாவை. 'அவ இந்தக் குடும்பத்துக்கே சுமைதாங்கி' என்று பாராட்டாகவும் சொல்கிறோம். இந்த அம்மாவுக்கும் அந்தப் பாராட்டு நிறையவே கிடைத்திருக்கிறது, 24 வருடமாக. ஆனால், சுமைதாங்கி என்பது சுமந்து நடப்பவரின் பெயர் இல்லையே! அவர் இறக்கிவைக்கும் இடத்தின் பெயர். நடக்கிறவரையே கல் என்று சொல்லிவிட்டால் அவர் எங்கே போய் இறக்கிவைப்பது?

திருச்சிக்கு வாடகை வேனில் போனார்கள். ஆபீஸ் அறையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது, சாப்பிடும் மருந்துகள், பிடிக்காத சாப்பாடு, தூங்கும்போது எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார், பயந்தால் என்ன செய்வார். பயந்தால் என்ன செய்வான் என்ற கேள்விக்கு அவர் ரொம்ப நேரம் யோசித்தார். 24 வருடத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. 'வலது கையைப் பிடித்துக்கொண்டால் போதும்' என்று எழுதச் சொன்னார்.

படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம். 'திரும்ப அழைத்துச் செல்லும் நாள்.'

அந்தக் கட்டத்தைப் படித்துக் காட்டியபோது அவர் அழுதார் என்று அக்கா மகள் சொல்கிறாள். அவர் இல்லை என்கிறார். தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டதும் அங்கே இருந்த பெண், "இந்தத் தேதிக்கு நீங்க வரணும்மா. அது ரொம்ப முக்கியம்" என்று சொன்னாராம். சில வீட்டார் திரும்ப வராமல் இருந்துவிடுகிறார்கள் போலிருக்கிறது. அதைக் கேட்டதும்தான் தனக்கு மனசு லேசானது என்கிறார். வர வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் இடம், விட்டுவிட்டுப் போகும் இடமாக இருக்க முடியாது இல்லையா?

ஆபரேஷன் மூன்றாம் நாள் நடந்தது. நல்லபடியாக முடிந்தது. அந்த 15 நாள்களில் முதல் நாலு நாள் அவர் தூங்கவே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் மகனைத் திருப்பிப் படுக்கவைக்க எழுந்து எழுந்து பழகிய உடம்பு, அதே நேரத்துக்குத் தானாக விழித்துக்கொண்டது. ஓய்வு எடுப்பதற்கும் பழக்கம் வேண்டும் போல. ஐந்தாம் நாளிலிருந்து தூங்கினார். எட்டாம் நாள், டிபன் சாப்பிட்ட தட்டோடு உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். மாமியார் தட்டை எடுத்துக் கழுவி வைத்தார்.

மகனோடு தினமும் வீடியோ கால். முதல் நாள் அவன் அழுதான். மூன்றாம் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆறாம் நாள் போனை எடுத்த பணியாளர், "அவர் கேரம் பார்த்துக்கிட்டு இருக்காரும்மா, அப்புறம் பேசறாராம்" என்றார். இதற்கு முன்னால் அவனை யாரும் 'அவர்' என்று சொன்னதில்லை.

கூட்டிவரப் போன நாளில் அவன் மீசையைப் பார்த்து அவருக்கு அடையாளமே தெரியவில்லை. அங்கே வேலை பார்க்கும் பையன் ஒருவன் ஷேவ் செய்து, மீசையை ஒதுக்கிவிட்டு, தலையை மேலே தூக்கி வாரியிருந்தான். 24 வயது ஆண்பிள்ளையை இத்தனை நாளும் அம்மா குளிப்பாட்டி, அம்மா சவரம் செய்து, அம்மா சட்டை மாட்டிவிட்டிருக்கிறார். அதிலிருந்து அவனுக்கும் ஒரு 15 நாள் கிடைத்திருக்கிறது. டி.வி-யில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. கிளம்பலாம் என்றால் தலையை ஆட்டி மாட்டேன் என்றான். இன்னும் ஆறு ஓவர். வேன் டிரைவர் வெயிட்டிங் சார்ஜ் கேட்பாரே என்று கணவர் புலம்ப, அம்மா பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து ஆறு ஓவரையும் பார்த்தார்.

15 நாள் முடிந்தாலும் ஆறு வாரம் முடியவில்லையே! மிச்ச நாள்கள் கஷ்டமாகத்தான் இருந்தன. கணவர் மில்லில் கேட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனார். அக்கா மகன் மத்தியானம் வந்தான். மையத்தில் சொல்லிக்கொடுத்த ஒரு வித்தை கைகொடுத்தது. கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் வழவழப்பான பலகை ஒன்றைப் பாலம்போலப் போட்டு, ஆளைத் தூக்காமல் நகர்த்தி உட்காரவைப்பது. உள்ளூர்த் தச்சரிடம் சொல்லி ஒன்று செய்துகொண்டார்கள். கட்டில் நாற்காலியைவிட நாலு விரல் உயரமாக இருந்ததால் கட்டில் காலையும் அவரே அறுத்துக்கொடுத்தார். 24 வருடமாக இந்தப் பலகை ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று கேட்டால், "நான்தான் தூக்கிக்கிட்டு இருந்தேனே" என்கிறார்.

சொந்தக்காரர்கள் பேசாமல் இருக்கவில்லை. பேசினார்கள். மாமியார் சொன்னபடியே பதில் சொன்னார். அந்தப் பதில்கள் அச்சில் போடும்படியாக இல்லை.

அக்கா மகள் இப்போது ரெஸ்பைட்டுக்கு இரண்டு அர்த்தம் எழுதி வைத்திருக்கிறாள், ஒன்று பரீட்சைக்கு. அகராதியைப் புரட்டியபோது அவளுக்கு இன்னொன்றும் கிடைத்தது. 'ரெஸ்பெக்ட்', 'ரெஸ்பைட்' இரண்டும் ஒரே லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. திரும்பிப் பார்ப்பது என்பது அதன் பொருள். ஒன்று மரியாதையாகிவிட்டது. இன்னொன்று பிரெஞ்சு வழியாக வந்து, அவகாசம் என்று தொடங்கி, ஓய்வாகிவிட்டது. சித்தியிடம் சொன்னாள். சித்தி பெரிதாக எதுவும் சொல்லவில்லை. அடுப்பில் பால் இருந்தது.

போன வாரம் அரிசி டப்பாவின்மேல் இன்னொரு தாள் இருந்தது. அதே மையத்தின் படிவம். இந்த முறை நாலு நாளுக்கு. மகன்தான் கேட்டானாம், கேரம் போர்டைக் கையால் காட்டி. 'திரும்ப அழைத்துச் செல்லும் நாள்' கட்டத்தை அவர் முதலிலேயே நிரப்பச் சொல்லிவிட்டார். 'காரணம்' என்ற கட்டம்தான் காலியாக இருந்தது.

"போன தடவை ஆபரேஷன்னு போட்டோம். இந்தத் தடவை என்னடி எழுதறது?"

"நீ எங்க போகப் போற சித்தி?"

"தஞ்சாவூருக்கு. தங்கச்சி வீட்டுக்கு."

"என்ன விசேஷம்?"

"விசேஷம்லாம் ஒண்ணும் இல்ல. சும்மாதான்."

அக்கா மகள் பேனாவை எடுத்து அதையே எழுதினாள்.